வாப்பாவின் கராஜில் நிற்கும் பழைய கார்: வாங்கு முன் யாருடையது என்று கேளுங்கள்

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2025இல் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதிக்கப்படும் வரை நாட்டில் ஓடக்கூடிய எதற்கும் விலை ஏறியது. அப்போது எழுந்த ஒரு கேள்வி இன்னும் ஓயவில்லை. பாலாவியில் வாகனம் திருத்தும் தொழில் செய்யும் என்னிடம், குறிப்பாக வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் தம்பிமார் கேட்பது இதுதான்: "நானா, இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய கார் ஒன்றை எடுத்துத் திருத்தி வைத்தால் இலாபம் வருமா?"

வரலாம். ஆனால் அந்த இலாபம் பெரும்பாலும் வாங்கும் நாளிலேயே தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது. எனவே திருத்துவதைவிட வாங்குவதைப் பற்றியே இங்கு அதிகம் எழுதுகின்றேன்.

நம்மிடையே பழைய கார் எல்லாமே 'விண்டேஜ்' தான். பிரித்தானியாவில் இச்சொல் பொதுவாக 1930 வரை செய்யப்பட்டவற்றைக் குறிக்கும். நமது நாட்டில் கவனிக்க வேண்டிய தேதி வேறு. 1945 ஜனவரி 1க்கு முன் இலங்கையில் முதலாவதாகப் பதிவு செய்யப்பட்ட பயணிகள் மோட்டார் வாகனத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப, இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். "லண்டனில் இதற்கு இத்தனை ஆயிரம் பவுண்" என்று தரகர் சொல்லும்போது இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் சந்தை இந்த நாட்டுக்குள்தான்.

இங்கு அதிகம் கைக்கு அகப்படுபவை சிறிய ஆங்கிலக் கார்கள். ஒஸ்டின் செவன் 1922 முதல் 1939 வரை தயாரிக்கப்பட்டது. 747 சீ.சீ. எஞ்சின், கேபிள் பிரேக். மொரிஸ் எயிட் 1935இல் வந்தது, 918 சீ.சீ., எண்ணெய் பிரேக். தொழில் பழகுபவருக்கு இவ்விரண்டுமே போதும். ஒஸ்டின் செவனின் உதிரிப்பாகங்கள் பல இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. அபூர்வமான பெரிய கார் ஒன்றை மலிவு என்று வாங்கினால், ஒரு கதவுப் பிடிக்காக ஆண்டுக்கணக்கில் அலைய நேரும். பஞ்சிகாவத்தையில் எல்லாம் கிடைக்கும் என்பது யுத்தத்துக்குப் பிந்திய கார்களுக்கு ஓரளவு பொருந்தும். முந்தியவற்றுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

யாருடைய கார்?

இத்தகைய கார்கள் பெரும்பாலும் ஒரு மௌத்துக்குப் பிறகே விற்பனைக்கு வருகின்றன. வாப்பா அல்லது அப்பா ஓட்டிய கார் வீட்டுப் பின்புறத்தில் ஆண்டுக்கணக்காக நிற்கும். மூத்த மகன் விலை பேசுவார். பதிவுப் புத்தகத்தில் வாப்பாவின் பெயர், அல்லது அவருக்கும் முந்திய உரிமையாளரின் பெயர் இருக்கும்.

மரண சாசனம் எழுதாமல் மௌத்தான முஸ்லிமின் சொத்து, 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரண சாசனமில்லா வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, அவர் சார்ந்த மத்ஹபின் சட்டத்துக்கு அமையவே பிரிய வேண்டும். வீடும் காணியும் பிரிக்கப்படும் குடும்பங்களில்கூட, "அந்தத் தகரம் யாருக்கு வேண்டும்" என்று காரை விட்டு விடுகின்றார்கள். அந்தத் தகரத்துக்கு இலட்சங்களில் விலை சொல்லப்படும்போதும் பங்கு பற்றிய பேச்சு எழுவதில்லை.

ஓர் உதாரணக் கணக்கு. கார் 24 இலட்சத்துக்கு விலை போகின்றது என்று கொள்வோம். கடன், வஸிய்யத் எதுவும் பாக்கியில்லை. மௌத்தானவருக்கு மனைவி, இரு ஆண் மக்கள், மூன்று பெண் மக்கள். மனைவிக்கு எட்டிலொன்று, அதாவது 3 இலட்சம். மீதி 21 இலட்சத்தை ஏழு பங்காக்கினால், ஒவ்வோர் ஆண் மகனுக்கும் 6 இலட்சம், ஒவ்வொரு பெண் மகளுக்கும் 3 இலட்சம். விலை பேச வந்த மகனுக்குச் சொந்தமானது காரின் நாலிலொரு பங்குதான். மற்ற முக்கால் பங்கை விற்க அவருக்கு அனுமதி கொடுத்தது யார்? திருமணம் முடித்து வேறு ஊரில் இருக்கும் சகோதரிக்கு இந்த விற்பனை தெரியுமா?

என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த ஒருவருக்கு இதைத்தான் சொன்னேன். அவர் விற்பவரிடம் போய், வாரிசுகள் எல்லோரும் கையொப்பமிட்டால் முழுத் தொகையையும் தருகிறேன் என்றார். மூன்று மாதம் இழுபட்டது. கடைசியில் இளைய சகோதரி, "வாப்பாவுடைய கார் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டாராம். கையொப்பமும் வந்தது, அவருடைய பங்கும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் காத்திருந்த மூன்று மாதத்தில் வேறொருவர் கூடுதல் விலை சொன்னதும் உண்மை. குடும்பமே அதை ஏற்கவில்லை.

மார்க்கக் கடமை ஒருபுறமிருக்க, சட்டத்திலும் இது உங்களுக்குப் பாதுகாப்பு. இறந்தவர் பெயரிலுள்ள வாகனத்தை மாற்ற என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்பதைச் சட்டத்தரணியிடமும் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திலும் கேட்ட பின்பே முற்பணம் கொடுங்கள். 'ஓபன் பேப்பர்' என்று வெற்றுப் படிவத்தில் வாங்கிய கையொப்பத்தை நம்ப வேண்டாம். கையொப்பமிட்டவர் மௌத்தாகி இருபது வருடமாகியிருக்கலாம். சேசிஸ் இலக்கத்தை நீங்களே துடைத்துப் பார்த்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இலக்கத் தகடு எவ்வளவு பழையதாகத் தெரிந்தாலும் அது அத்தாட்சியல்ல.

பழைய ரசீது, படம், கடிதம் இருந்தால் காரோடு கேட்டு வாங்குங்கள். காலிமுகத் திடல் ஹோட்டலில் 1935ஆம் ஆண்டின் ஸ்டான்டர்ட் நைன் கார் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டது. அது அன்று சாதாரண சிறிய கார். இளவரசர் பிலிப் 1940இல் கடற்படையில் இலங்கையில் இருந்தபோது அதை 12 பவுணுக்கு வாங்கி ஓட்டினார் என்ற வரலாறுதான் அதற்கு மதிப்பு. உங்கள் காரை ஓட்டியவர் ஒரு தோட்டத்துரையோ ஊர் டாக்டரோ ஆக இருக்கலாம். அதைக் காட்டும் தாளுக்கும் விலை உண்டு.

உப்பு, மரம், ஈயம்

பாலாவியில் உப்பளம் இருக்கின்றது, களப்புக் காற்று இருக்கின்றது. இங்கு நின்ற காரைப் பார்க்கும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள். அக்காலப் பல கார்களின் பொடி, மரச் சட்டத்தின் மேல் தகடு அடித்துச் செய்யப்பட்டது. மரம் உக்கினால் வெளியே எதுவும் தெரியாது. கதவு மட்டும் கொஞ்சம் தொங்கும். கதவைத் திறந்து மேலும் கீழும் அசையுங்கள். தூண் அசைந்தால் உள்ளே மரம் இல்லை, மண்தான் இருக்கின்றது. சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி மட்கார்டின் கீழ் விளிம்பில் வையுங்கள். ஒட்டாத இடம் பட்டி. (அலுமினியத் தகடு போட்ட பொடியும் உண்டு, அதிலும் காந்தம் ஒட்டாது. அவசரப்பட்டு விற்பவரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.)

எஞ்சினில் பார்க்க வேண்டியது பெயாரிங். அக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் வெள்ளீயக் கலவையை உருக்கி ஊற்றிக் கடைந்த பெயாரிங் உண்டு. இதைச் சரியாகச் செய்யத் தெரிந்த பாஸ்மார் குறைந்து விட்டார்கள். முதலில் அவரைத் தேடிப் பிடியுங்கள், பிறகு காரை வாங்குங்கள். வடக்கிலிருந்து வந்த காரென்றால் இன்னொன்றையும் விசாரியுங்கள். தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்ட யாழ்ப்பாணத்தில் பழைய ஆங்கிலக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். அப்படி ஓடிய எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் நம்ப முடியாது.

திருத்தும்போது மரம், பிரேக், எஞ்சின், வயரிங் என்ற வரிசையில் போங்கள். பெயின்ட் கடைசி. நம்மவர்கள் பெயின்டில் தொடங்கிப் பணம் தீர்ந்து நிற்பதையே அதிகம் காண்கிறேன்.

பராமரிப்பில் நமது ஊருக்கென்று சில விடயங்கள் உண்டு. புத்தளத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். ஒஸ்டின் செவனில் தண்ணீர்ப் பம்பு கிடையாது. சூடான நீர் தானாக மேலெழுந்து சுற்றுகின்றது. கிணற்று நீரை ஊற்றினால் ரேடியேட்டரின் சிறிய குழாய்கள் அடைத்து அந்தச் சுற்றே நின்று விடும். மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள். காரைப் பொலித்தீனால் மூட வேண்டாம், உள்ளே ஈரம் தங்கும். காற்றோட்டமான கொட்டிலும் பருத்தித் துணியும் போதும். 6 வோல்ட் மின்சாரத்தில் ஓர் ஏர்த் இணைப்புத் துருப்பிடித்தாலே விளக்கு மங்கும், ஆகவே அவற்றை மாதமொரு முறை சுரண்டித் துடையுங்கள். எண்ணெய் பிரேக் என்றால் பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். வருடத்துக்கொரு தடவை மாற்றுங்கள். பெற்றோல் 92 ஒக்டேன் தாராளம்.

விற்கும்போது

தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நாம் அறிவோம். உக்கிய மரத்தின் மேல் புதுப் பெயின்ட் அடிப்பதும் அதே ஈரம்தான். "இருக்கிறபடி எடுங்கள்" என்று சொல்லிவிட்டால், தெரிந்த குறையை மறைத்த பொறுப்பு நீங்காது. நான் திருத்தும் கார்களில் எந்த மரம் பழையது, எந்தப் பாகம் மாற்றியது என்று எழுதி, பிரித்த நிலையில் எடுத்த படங்களோடு கொடுக்கின்றேன். வாங்குபவர் விலையைக் குறைப்பார் என்று பயந்தவர்கள் உண்டு. நான் கண்டவரை, படங்களைப் பார்த்தவர்கள் பேரம் பேசுவது குறைவு.

ஸக்காத் பற்றியும் கேட்கின்றார்கள். சொந்தப் பாவனைக்கு வாங்கிய காருக்கு ஸக்காத் இல்லை. திருமண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடுவதானால், காரின் விலைக்கல்ல, சேர்ந்திருக்கும் வருமானத்துக்கே கணக்கு. விற்கும் நோக்கில் வாங்கியிருந்தால் அது வியாபாரப் பொருள். ஷாபிஈ மத்ஹபின்படி வருடம் பூர்த்தியாகும்போதுள்ள சந்தை விலையில் இரண்டரை வீதம். திருத்த வேலை முடியாமல் கொட்டிலில் நின்றாலும் அப்படித்தான். அரைகுறையாக நிற்கும் காருக்கு விலை மதிப்பது கடினம்தான். நான் செய்வது, அன்றைய நிலையில் அப்படியே விற்றால் என்ன தருவீர்கள் என்று இதே தொழிலிலுள்ள இருவரிடம் கேட்டு, கூடிய தொகையை எடுத்துக் கொள்வது. உங்கள் விடயத்தில் சந்தேகம் இருந்தால் ஆலிம் ஒருவரிடம், வாங்கிய தேதியையும் வாங்கிய நோக்கத்தையும் சொல்லிக் கேளுங்கள்.