திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்

கேள்வி: வாட்ஸ்அப்பில் பேசுவதை அந்த நிறுவனம் படிக்குமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: தனிப்பட்ட அரட்டையைப் படிக்க முடியாது. அனுப்புபவர், பெறுபவர் கருவிகளில் மட்டுமே திறக்கும் பூட்டு அதற்கு 2016 முதலே இருக்கிறது.

செட்டிநாட்டு வீட்டில் இரண்டாம் கட்டுக்குள் நடக்கும் பேச்சு தெருவுக்குக் கேட்காது. ஆனால் முகப்புத் திண்ணையில் இருப்பவருக்கு யார் வந்தார், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் தெரியும். வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டா இருப்பது அந்தத் திண்ணையில்.

2021-ல் வந்த நிபந்தனைதான் கொடுமை: தகவலைத் தாய் நிறுவனத்தோடு பகிரச் சம்மதி, இல்லையேல் வெளியேறு. இதன் பெயர் சம்மதமா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017-லேயே ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். இந்த நிபந்தனைக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

இன்னொன்று: கூகுள் கணக்கில் சேரும் பேக்கப்புக்குப் பூட்டு தானாக விழாது. செட்டிங்ஸில் போய்ப் போட வேண்டும்.