இளங்குழந்தைகளின் நிமோனியாவும் சிகிச்சை நாடுவதில் நேரும் தாமதமும்

நுரையீரலின் காற்றறைகளில் அழற்சி உண்டாகி, அவற்றில் நீரும் சீழும் நிறைவதால் உயிர்வளி குருதியிற் சேர்வது குன்றும் நிலையே நிமோனியா எனப்படும். ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளின் இறப்பிற்குரிய முதன்மையான காரணங்களுள் இஃது ஒன்று. பாக்டீரியாவால் நேரும் நிமோனியாவைத் தொடக்கத்திலேயே அறிந்தால், விலை குறைந்த அமாக்சிசிலின் மருந்தாற் பெரும்பாலும் குணப்படுத்தலாம். ஆகவே தாமதமே இங்குப் பெரும் பகையாகும்.

மருத்துவ வசதி மிகுந்த நகரங்களிலும் இத்தாமதம் நேர்கின்றது. பெங்களூருவில் வாணி விலாஸ் மருத்துவமனை, இந்திரா காந்தி குழந்தைகள் நல நிலையம் ஆகியன உள்ளன. 2023ஆம் ஆண்டில் ‘நம்ம கிளினிக்’ என்னும் சிறு மருத்துவ நிலையங்களும் திறக்கப்பட்டன. ஆயினும், ராய்ச்சூர், கலபுரகி முதலிய மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்துள்ள பெற்றோருக்கு, மருத்துவமனைக்குச் செல்வது ஒருநாட் கூலியை இழப்பதாகும். ஆதலின் முதலிற் கைமருந்து, அடுத்து மருந்துக்கடை இருமல் மருந்து, பின்னர் அருகிலுள்ள மருத்துவர், இறுதியிற் பெரிய மருத்துவமனை என்று நாட்கள் கழியக்கூடும்.

வறுமை மட்டுமே இதற்குக் காரணமன்று. பெற்றோர் பெரும்பாலும் காய்ச்சலையே கவனிக்கின்றனர். பாராசிட்டமால் கொடுத்ததும் உடற்சூடு தணியும். நோய் நீங்கிற்று என்று அவர்கள் கருதுவர். ஆனால் மூச்சின் வேகம் தணிந்திராது. நோயை அறிவிப்பது அவ்வேகமே.

மூச்சை எண்ணும் முறை: குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்பொழுது சட்டையை உயர்த்தி, மார்பின் அசைவை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுதல் வேண்டும். கீழ்க்காணும் எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருப்பின் அது விரைவு மூச்சாகும்.

இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தை: 60
2 முதல் 12 மாதம் வரை: 50
ஒன்று முதல் ஐந்து வயது வரை: 40

விரைவு மூச்சு காணின் அன்றே சிகிச்சை தேவை. மூச்சை இழுக்கும்பொழுது மார்பின் கீழ்ப்பகுதி உட்குழிதல், பால் குடிக்க இயலாமை, வலிப்பு, உணர்வு மங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், அல்லது இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு விரைவு மூச்சு இருப்பினும், உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

நிமோகாக்கஸ் தடுப்பூசி 2017ஆம் ஆண்டு முதல் நம் நாட்டிற் படிப்படியாகவும், 2021ஆம் ஆண்டில் நாடு முழுவதும் அரசுத் திட்டத்திற் சேர்க்கப்பட்டது. அது நோயைக் குறைக்குமேயன்றி முற்றும் ஒழிக்காது.

எனவே களப்பணியாளர் வீடுகளுக்குச் செல்லும்பொழுது, “காய்ச்சல் உண்டா?” என்பதோடு நில்லாமல், தாயைக்கொண்டே குழந்தையின் மூச்சை எண்ணச் செய்தல் நலம். செலவையும் பயணத்தையும் முடிவு செய்யும் தந்தை, பாட்டி ஆகியோருக்கும் இதனைக் காட்டுதல் வேண்டும். ஆசிரியர், தம்பி தங்கையரை வீட்டிற் பார்த்துக்கொள்ளும் மாணவர்க்கு இதனைக் கற்பிக்கலாம். ஒரு நிமிடம் எண்ணக் கற்ற வீட்டில் ஒருநாட் கூலியைவிட அந்நாளின் சிகிச்சையே பெரிதென்பது விளங்கும்.