சம்பளத்துக்கு வக்கீலா, கேஸுக்கு வக்கீலா?

கோவையில் பம்பு வார்ப்படம் செய்யும் முதலாளி ஒருவர் போன மாதம் என்னிடம் கேட்டார்: "ஏங்க, மாசச் சம்பளத்துக்கே ஒரு வக்கீலைப் போட்டுட்டா கோர்ட்டுச் செலவு பூராவும் மிச்சமாயிரும் இல்லீங்களா?"

மிச்சமாகாது. முழுநேரச் சம்பளத்துக்குச் சேரும் வக்கீல், அந்த வேலையில் இருக்கும்வரை வக்கீல் தொழில் செய்யக் கூடாது என்கிறது பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 49-வது விதி. வேலையில் சேர்ந்ததும் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டுத் தொழிலை நிறுத்தியாக வேண்டும். இமாச்சலப் பிரதேச மின்வாரியத்தின் சட்ட அலுவலர் ஒருவர் தன்னை வக்கீலாகப் பதிவு செய்துகொண்ட விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போனது. முழுநேர ஊழியருக்கு அந்தப் பதிவு கூடாது என்று 2001-ல் தீர்ப்பாயிற்று. அதனால் கறுப்பு அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் ஒரு வக்கீல் கம்பெனிக்குள் வர முடியும். அவர் வந்த பிறகும் உங்கள் கேஸில் வக்காலத்து போட வெளியே ஒருவர் வேண்டும்.

அப்படியானால் அவர் எதற்கு? பதினொரு வருடம் கோர்ட்டிலும் பிறகு ஒரு கம்பெனிக்குள்ளும் இருந்தவன் நான். கேஸ் ஜெயிக்க அவர் தேவையில்லை. கேஸ் உருவாகும் இடத்தில், அது உருவாகும் நாளில், காது கொடுத்து உட்கார்ந்திருக்கத்தான் அவர் தேவை. உங்கள் கம்பெனிக்கு அப்படி ஓர் ஆள் இப்போதே வேண்டுமா, வேறு ஏற்பாடு போதுமா என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் வழி, நம் ஊரில் பெரும்பாலானவர்கள் வைத்திருப்பது: பழக்கமான வக்கீல். அப்பா காலத்திலிருந்து நிலப் பத்திரம் பார்த்தவர், வீட்டுக் கல்யாணத்துக்கு வருபவர். நோட்டீஸ் வந்தால் அவரிடம் போகிறோம், கேஸுக்கு இவ்வளவு என்று பீஸ் கொடுக்கிறோம். வருடத்துக்கு இரண்டு மூன்று விவகாரம் உள்ள தொழிலுக்கு இது நல்ல ஏற்பாடுதான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் போய்ச் சொல்லும்வரை அவருக்கு எதுவும் தெரியாது.

நான் கோர்ட்டில் இருந்தபோது வந்த ஒரு கேஸ் கட்டை இன்னும் மறக்கவில்லை. சரக்கு வாங்கியவர் கொடுத்த 11 லட்ச ரூபாய் செக் திரும்பிவிட்டது. பணம் போதாது என்று எழுதிய வங்கி மெமோ கணக்குப் பிரிவின் பிளாஸ்டிக் தட்டில் கிடந்தது. கணக்காளர் நல்ல மனிதர், பழைய பார்ட்டியை நோகடிக்க வேண்டாமே என்று வாரம் ஒரு போன் போட்டிருக்கிறார். "அடுத்த வாரம் போட்டுடறேன் அண்ணே" என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். கட்டு என் மேஜைக்கு வந்தது 34-ஆம் நாள். நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டத்தின் 138-வது பிரிவில், செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கையில் கிடைத்த பிறகு எதிராளிக்கு 15 நாள் அவகாசம், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார். புகார் தாமதமானால் காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதத்துக்கு அந்த வழி கிடையாது. செக்கின் மூன்று மாத ஆயுளும் முடிந்திருந்ததால் மறுபடி வங்கியில் போடவும் முடியவில்லை. மிச்சமிருந்தது வணிக நீதிமன்றத்தில் சிவில் வழக்கு, அதற்கும் முன்னால் வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவின்படி சமரச முயற்சி. அந்தப் பணம் வந்து சேர வருடங்கள் ஆயின. அந்த மெமோவைத் தட்டில் பார்த்தவுடன் தேதியை எண்ணத் தெரிந்த ஒருவர் அந்தக் கட்டடத்தில் இல்லை, அவ்வளவுதான் நடந்தது.

இரண்டாவது வழி ரிடெய்னர். மாதம் ஒரு தொகை பேசிக்கொண்டு, ஒரு வக்கீலோ சின்ன ஆபீஸோ உங்கள் நோட்டீஸ், ஒப்பந்தம், சந்தேகம் எல்லாவற்றையும் பார்ப்பது. போன் எடுத்துக் கேட்கத் தயக்கம் இருக்காது, மீட்டர் ஓடும் பயமும் இல்லை. நடுத்தரக் கம்பெனிக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரே ஒரு நிபந்தனை: பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவர் உங்கள் ஆபீஸுக்கு நேரில் வந்து, பர்சேஸ், கணக்கு, ஹெச்.ஆர். மூன்று மேஜையிலும் பத்து நிமிடம் உட்கார வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால் ஆறே மாதத்தில் ரிடெய்னர் என்பது மாதாமாதம் போகும் ஒரு செக்காகிவிடும்.

பெரிய லா பர்ம்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலீடு வாங்கும்போதும், கம்பெனியை வாங்கும்போதும் விற்கும்போதும், வெளிநாட்டுப் பார்ட்டியோடு ஆர்பிட்ரேஷன் வரும்போதும் அவர்களிடம் போங்கள். தினசரி வேலைக்கு வேண்டாம்.

கம்பெனி செக்ரட்டரியே சட்டத்தையும் பார்த்துக்கொள்ளட்டும் என்ற யோசனை பல இடத்தில் இருக்கிறது. செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் பிரைவேட் கம்பெனியும் முழுநேர செக்ரட்டரி வைத்தாக வேண்டும், அதனால் இருக்கும் ஆளையே பயன்படுத்தலாமே என்று தோன்றுவது இயல்பு. அவர்களில் சட்டம் படித்தவர்களும் உண்டு, மிகத் திறமைசாலிகளும் உண்டு. ஆனால் போர்டு மினிட்ஸும் பதிவாளர் அலுவலகத்துக்கான பாரங்களும் தேதி தவறாமல் போவதே ஒரு முழு ஆள் வேலை. அதன் மேல் தொழிலாளர் வழக்கையும் சப்ளை ஒப்பந்தத்தையும் ஏற்றினால் இரண்டிலும் ஓட்டை விழும்.

சொந்தமாக லீகல் மேனேஜர் வைக்கும் நேரம் எப்போது வருகிறது? விற்றுமுதல் இவ்வளவு கோடியைத் தாண்டினால் என்று கணக்குச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான் வேறு மூன்றை எண்ணச் சொல்வேன். மாதத்தில் எத்தனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள், எத்தனை மாநிலத்தில் ஆட்களும் கிடங்கும் இருக்கின்றன, ஒரு முடிவுக்காக வெளி வக்கீலின் பதிலுக்கு எத்தனை நாள் வேலை காத்துக் கிடக்கிறது. ஒப்பந்தங்கள் வாரத்துக்கு நான்கைந்து என்று வந்து, அவற்றைப் படிக்காமலே கையெழுத்தாகின்றன என்றால் நேரம் வந்துவிட்டது.

ஆளை வைத்துவிட்டோம் என்பதோடு வேலை முடிவதில்லை. அவர் யாரிடம் போய் நிற்பார் என்பதை நீங்கள் எப்படி அமைக்கிறீர்களோ, அதில்தான் எல்லாமே இருக்கிறது. இதற்கு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் கம்பெனியின் கோபால்ட் முதலிய கார்களில் சாவி போடும் ஸ்விட்ச் தளர்வாக இருந்தது. ஓடும்போதே சாவி நழுவி இன்ஜின் நிற்கும், விபத்து நடந்தால் ஏர்பேக் விரியாது. 2014 பிப்ரவரியில் தொடங்கிய ரீகால் சுமார் 26 லட்சம் கார்கள் வரை போனது. 124 பேர் இறந்ததை இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்டது. இங்கே நாம் பார்க்க வேண்டியது சட்டப் பிரிவை. அங்கே வக்கீல்களுக்குப் பஞ்சமே இல்லை. விபத்து வழக்குகளை அவர்கள் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்டனை இழப்பீடு விழும் ஆபத்து இருக்கிறது என்று வெளி வக்கீல்கள் எழுத்திலேயே எச்சரித்தார்கள். ஆனால் 50 லட்சம் டாலருக்குக் குறைந்த சமரசங்களுக்குத் தலைமைச் சட்ட அதிகாரியின் ஒப்புதல் தேவையில்லை என்பது அங்கே இருந்த ஏற்பாடு. ஒவ்வொரு கேஸாகக் கீழேயே பேசி முடித்தார்கள், கட்டுகள் மூடப்பட்டன. ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது என்ற செய்தி மாடி ஏறவில்லை. விசாரணை நடத்திய வக்கீல் வலூகாஸின் அறிக்கை இன்னொன்றும் சொன்னது: பாதுகாப்புக் கூட்டங்களில் குறிப்பு எடுப்பதை வக்கீல்கள் விரும்பவில்லை என்று நம்பி, சிலர் குறிப்பே எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். 15 பேர் வேலையிழந்தார்கள், வக்கீல்களும் அதில் இருந்தார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். வழக்கை மலிவாக முடித்த ஒவ்வொரு வக்கீலும் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததாகவே நினைத்திருப்பார். சாவியைப் பற்றி மேலே போய்ச் சொல்வதும் தன் வேலைதான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால் உங்கள் லீகல் மேனேஜரை எங்கே உட்கார வைப்பது என்று கேட்டால், நிதித் தலைவருக்குக் கீழே வேண்டாம் என்பேன். அங்கே சட்டம் ஒரு செலவுக் கணக்காகிவிடும். ஹெச்.ஆருக்குக் கீழே வைத்தால் ஆட்களை நீக்கும் கடிதம் எழுதுபவராகிவிடுவார். நேரடியாக எம்.டி.க்குக் கீழே வையுங்கள். எம்.டி. சம்பந்தப்பட்ட விவகாரமே வந்துவிட்டால் போர்டிடம் போகும் வாசலும் திறந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் என்ரான் கம்பெனி கணக்கு மோசடியில் விழுந்த பிறகு 2002-ல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், கம்பெனிக்காக வேலை செய்யும் வக்கீல்களுக்கு இப்படிப் படிப்படியாக மேலே போய்ச் சொல்வதையே கடமையாக்கியது. நம் ஊரில் நீங்களே நியமனக் கடிதத்தில் எழுதலாம், இரண்டு வரி போதும்: "சட்டமீறல் என்று தாம் கருதும் எதையும் இவர் போர்டு தலைவரிடம் நேரடியாகத் தெரிவிக்கலாம். இவரைப் பணிநீக்கம் செய்யும் முடிவைப் போர்டு மட்டுமே எடுக்கும்." விற்பனை இலக்கை அடைந்தால் போனஸ் என்ற வரியை அவர் கடிதத்தில் சேர்க்காதீர்கள். நாளைக்கு ஒரு ஆர்டருக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் அவர்.

முதலாளிகள் பலருக்கும் தெரியாத இன்னொரு வித்தியாசம் உண்டு. வெளி வக்கீலிடம் கட்சிக்காரர் பேசுவது ரகசியம், அதை வெளியே சொல்லும்படி வக்கீலைக் கட்டாயப்படுத்த முடியாது. 2023-ன் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132-வது பிரிவு தரும் இந்தப் பாதுகாப்பு சம்பள வக்கீலுக்குக் கிடையாது என்று 2025 அக்டோபர் 31-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அவர் கோர்ட்டில் தொழில் செய்பவர் அல்ல என்பதே காரணம். கம்பெனிக்காக அவர் வெளி ஆலோசகரிடம் பேசுவதற்கு 134-வது பிரிவின் பாதுகாப்பு உண்டு. நீங்களும் அவரும் உங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு அது பொருந்தாது. ஐரோப்பிய நீதிமன்றமும் அக்ஸோ நோபல் வழக்கில் 2010-ல் இதே பக்கம்தான் நின்றது, அமெரிக்காவில் நிலைமை வேறு.

இதற்காக எதையும் எழுதாமல் இருந்துவிடலாம் என்று போகாதீர்கள். அது ஜெனரல் மோட்டார்ஸ் போன பாதை. செய்ய வேண்டியது எளிது. உள்ளே மோசடி தெரியவந்தாலோ, ரெய்டு வந்தாலோ, பெரிய வழக்கின் வாசனை அடித்தாலோ, அன்றைக்கே வெளி வக்கீல் ஒருவரை எழுத்தில் நியமித்துவிடுங்கள். சட்டக் கருத்தை அவரிடம் கேட்டு வாங்குங்கள். உங்கள் சொந்த வக்கீல், ஆவணங்களைத் திரட்டி அவருக்குக் கொடுக்கும் ஆளாக நிற்கட்டும். இந்த வகையில் வெளி வக்கீலும் சொந்த வக்கீலும் ஒருவருக்கு ஒருவர் மாற்று இல்லை, சேர்த்துத்தான் வைக்க வேண்டும்.

யாரை எடுப்பது? சட்டக் கல்லூரியிலிருந்து நேராக வரும் பையனையோ பெண்ணையோ தனி ஆளாக உட்கார வைப்பது அவர்களுக்கே செய்யும் அநியாயம். தப்பைத் திருத்த ஒரு சீனியர் அங்கே இருக்கமாட்டார். லா பர்மில் ஒப்பந்தம் மட்டுமே எழுதியவரைவிட, ஆறேழு வருடம் கோர்ட்டில் நின்று வாய்தா வாங்கி, குறுக்கு விசாரணையில் ஒரு மோசமான ஒப்பந்தம் கிழிபடுவதைக் கண்ணால் பார்த்தவரையே நான் தேர்ந்தெடுப்பேன். ஷாப் ப்ளோரில் போர்மேனிடம் தமிழில் கேட்டு, அதையே ஆங்கிலத்தில் போர்டுக்கு எழுதத் தெரிய வேண்டும். இன்டர்வியூவில் சட்டப் பிரிவுகளைக் கேட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். உங்கள் பெரிய கஸ்டமரின் பர்சேஸ் ஆர்டரைக் கையில் கொடுத்து, அரை மணி நேரத்தில் உங்களுக்குப் பயமாக இருக்கும் இடங்களைப் பென்சிலால் குறித்துத் தாருங்கள் என்று சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: மேலதிகாரியிடம் "இது கூடாது" என்று எப்போது சொன்னீர்கள், அதற்குப் பிறகு என்ன நடந்தது? பதிலைச் சொல்லும்போது முகத்தைப் பாருங்கள்.

கோவைக்காரருக்கு நான் ரிடெய்னர்தான் சொன்னேன். மாதத்துக்கு மூன்று ஒப்பந்தம், ஒரே மாநிலம், அவருக்கு இப்போது அது போதும். ஓசூரில் இரண்டாவது யூனிட் தொடங்கும் வருடம் ஆள் எடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம். கிளம்பும் முன் அவருடைய பெரிய கஸ்டமரின் பர்சேஸ் ஆர்டரைக் கேட்டு வாங்கினேன். எட்டு வருடமாக வருவது, விலையும் அளவும் டெலிவரி தேதியும் உள்ள முன்பக்கத்தை மட்டுமே அவர் பார்த்திருக்கிறார். திருப்பினோம். பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காகிதத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோய் அவரே சத்தமாகப் படித்தார். வழக்கு எதுவானாலும் புனே நீதிமன்றத்தில் மட்டும். வார்ப்படத்தில் குறை இருந்தால் கஸ்டமருக்கு ஏற்படும் எல்லா நட்டத்தையும் வரம்பில்லாமல் அவர் ஈடுகட்ட வேண்டும். படித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மணியடித்து மகளைக் கூப்பிட்டார். அந்த இரண்டு வரிகளையும் மாற்றக் கேட்கும் கடிதத்தை அந்தப் பெண்தான் கம்ப்யூட்டரில் அடித்தாள். போன வியாழக்கிழமை ரிஜிஸ்டர் தபாலில் போயிருக்கிறது.