கியர்பாக்ஸை இறக்கும் முன்...

பழைய டீசல் ஆட்டோமேட்டிக் கார் கியர் மாறும்போது முதுகில் உதைத்தாற்போல் குலுங்கினால், ஒர்க்‌ஷாப்பில் முதலில் காதில் விழுவது, ‘கியர்பாக்ஸை இறக்கணும் சார்’ என்பதுதான். அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். 1976-ல் அறிமுகமான மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ 123 வரிசையின் 300டி போன்ற கார்களில், கோளாறு பல நேரம் கியர்பாக்ஸுக்கு வெளியே, கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கும். இதோ, செலவில்லாததில் தொடங்கிப் பார்க்க வேண்டியவை:

1. முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி குளிர்ந்திருக்கும்போது குலுங்குகிறதா, சூடான பிறகா? எந்தக் கியரிலிருந்து எந்தக் கியருக்குப் போகும்போது? மெதுவாக மிதிக்கும்போதா, அழுத்தி மிதிக்கும்போதா? ‘கியர் சரியில்லை’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் மெக்கானிக்கும் பொத்தாம்பொதுவாகத்தான் கழற்றுவார்.

2. ஆயில் அளவைச் சரியான முறையில் பாருங்கள். இருபது நிமிடமாவது ஓட்டி, சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, லீவரை ‘பி’-யில் வைத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை எடுக்க வேண்டும். எஞ்சின் ஆயில்போல நிறுத்திவிட்டுப் பார்த்தால் கணக்கு தப்பும். நூல் உதிராத துணியால் துடையுங்கள். ஒரு சிறு பஞ்சிழைகூட உள்ளே போகக் கூடாது. இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 0.3 லிட்டர்தான். எனவே கொஞ்சம் கொஞ்சமாகவே ஊற்றுங்கள். அதிகமானாலும் நுரைத்துத் தொல்லை கொடுக்கும்.

3. டிப்ஸ்டிக்கில் உள்ள ஆயிலை வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. கறுத்து, தீய்ந்த வாடை வந்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் சூடேறித் தேய்ந்திருக்கலாம். பால் கலந்த தேநீர் நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது; ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலரைச் சந்தேகியுங்கள், வண்டியை ஓட்டாதீர்கள்.

4. அடுத்தது வேக்குவம். பெட்ரோல் எஞ்சினில் காற்றை உறிஞ்சும் இழுப்பு தானாகக் கிடைக்கும். இந்த டீசலில் காற்றை அடைக்கும் தகடு இல்லாததால் அது கிடைக்காது. அதற்காகவே எஞ்சினின் முன்பக்கம் தனி வேக்குவம் பம்ப் வைத்திருக்கிறார்கள். பிரேக் பூஸ்டர், கதவுப் பூட்டுகள், எஞ்சினை அணைக்கும் வால்வு, கியர் மாறும் மென்மை எல்லாமே இந்த ஒரு பம்ப்பை நம்பித்தான். பல வீட்டுக்கு ஒரே மோட்டார் தண்ணீர் ஏற்றுவதுபோல. ஒரு வீட்டுக் குழாய் உடைந்தால் எல்லா வீட்டிலும் அழுத்தம் குறையும்.

5. ஆகவே கியரை மட்டும் பார்க்காமல் அக்கம்பக்கத்தையும் பாருங்கள். சாவியைத் திருகிய பிறகும் எஞ்சின் சில நொடி ஓடி மெதுவாக நிற்கிறதா? ஒரு கதவைப் பூட்டினால் மற்றவை மந்தமாகப் பூட்டுகின்றனவா? இதோடு கியரும் குலுங்கினால் வேக்குவம் கசிவுதான் முதல் சந்தேகம். பிரேக் பெடல் கல்லாக இறுகினால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அன்றே வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

6. மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களை ரப்பர் துண்டுகள்தான் இணைக்கின்றன. சூட்டில் அவை விறைத்து வெடிக்கும். ஒவ்வொன்றையும் விரலால் லேசாக மடக்கிப் பாருங்கள். எங்கள் வண்டிக்குக் கியர்பாக்ஸ் ஓவர்ஹால் என்று மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில் பார்த்தால் இன்ஜெக்‌ஷன் பம்ப் மேலிருக்கும் வால்வின் ரப்பர் முழங்கையில் மயிரிழை அளவு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியவில்லை. மடக்கியபோது வாய் பிளந்தது. ஒரு துண்டு ரப்பர் மாற்றியதும் உதறல் போயிற்று.

7. கண்ணுக்குக் கசிவு தெரியாவிட்டால் அளவுமானி உள்ள கை வேக்குவம் பம்ப் ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு கிளையாகக் கழற்றி, இழுத்துப் பிடித்து, முள் இறங்குகிறதா என்று கவனியுங்கள். இறங்கும் கிளையில்தான் ஓட்டை.

8. கியர்பாக்ஸின் பக்கவாட்டில் தட்டுபோல இருப்பது மாடுலேட்டர். அதற்கு வேக்குவம் போதாவிட்டால் கியர் அடித்து விழும்; அளவுக்கு மீறினால் வழுக்கிக்கொண்டு மாறும். அதன் குழாயைக் கழற்றும்போது சிவப்பு ஆயில் வந்தால் உள்ளிருக்கும் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். மாடுலேட்டரையே மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஆயில் குழாய் வழியே வேக்குவம் பம்ப்வரை போய்விடும்.

9. அடித்து மாறுவது வேறு. நேரம் தவறி மாறுவது வேறு. எஞ்சின் கத்திய பிறகே மேல் கியர் விழுகிறது, அல்லது ஊர்ந்து போகும்போதே விழுந்துவிடுகிறது என்றால், ஆக்ஸிலரேட்டர் இணைப்பிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கம்பிக் கேபிளைப் பாருங்கள். திருகும் முன் இப்போதைய இடத்தைப் பெயின்ட்டால் குறியிடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்றே தெரியாது.

10. ‘டி’-யிலோ ‘ஆர்’-இலோ போட்டவுடன் ‘டொக்’ என்று தட்டினால், எஞ்சின் மவுண்டிங், ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் தட்டு, ஐடிலிங் வேகம் மூன்றையும் பாருங்கள். ஐடிலிங் அதிகமாக இருந்தாலே தட்டும்.

11. லீவர் தொளதொளவென்று ஆடினால் இணைப்பிலுள்ள பிளாஸ்டிக் புஷ் நொறுங்கியிருக்கும். லீவர் ‘டி’-யில் நிற்கும். கியர்பாக்ஸ் வேறிடத்தில் நிற்கும். மலிவான உருப்படி இது. ஆனால் அடியில் படுக்க வேண்டும்: ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் சக்கரங்களுக்குக் கட்டையும் வையுங்கள்.

12. ஆயில் மாற்றும்போது பாதியோடு நிற்காதீர்கள். அடித்தட்டிலிருந்து வடிப்பது ஒரு பங்குதான். மீதி டார்க் கன்வெர்ட்டரில் இருக்கும். எஞ்சினை அது ஓடும் திசையிலேயே கையால் சுழற்றினால், கன்வெர்ட்டரின் வடிகால் திருகு கீழுள்ள திறப்பில் தெரியும். ஃபில்டரையும் அடித்தட்டு கேஸ்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புது ஆயிலில் முதலில் 4 லிட்டர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் நகர்த்தி, பிறகு டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றுங்கள்.

13. ரிவர்ஸ் போகிறது, முன்னோக்கி நகரவில்லை. அல்லது ஆயில் சரியாக இருந்தும் எஞ்சின் சுற்றுகிறதே தவிர வண்டி இழுக்கவில்லை என்றால், அது உள்கோளாறு. இனி ஓட்டுவது தேய்மானத்தைக் கூட்டும். அப்போது இறக்கத்தான் வேண்டும். முதலில் குறித்த தாளையும், எதையெல்லாம் பார்த்து முடித்தீர்கள் என்ற பட்டியலையும் மெக்கானிக்கிடம் கொடுங்கள். ரப்பர் துண்டுக்காக இறக்கவில்லை என்ற நிம்மதியாவது மிஞ்சும்.