ஒரு நாள் பரிசோதனையும் பல வாரக் காத்திருப்பும்

எனது சாச்சி ஒருவர் மனச்சோர்வுக்கு வைத்தியரிடம் காட்டி மருந்து எடுக்கத் தொடங்கினார். பத்தாம் நாள், "இதால ஒரு சுகத்தையும் காணல்ல" என்று குளிசைகளை அலுமாரிக்குள் வைத்துவிட்டார். தலைவலிக் குளிசை அரை மணித்தியாலத்தில் வேலை செய்யும்போது இது மட்டும் ஏன் தாமதிக்கிறது என்று நானும் யோசித்தேன்.

மனச்சோர்வு நீக்கி மருந்துகளின் பலன் தெரிய பொதுவாக இரண்டு முதல் ஆறு வாரங்கள் செல்லும். ஒரு மருந்து சரிவராவிட்டால் இன்னொன்று, மீண்டும் காத்திருப்பு. முதல் நாளே பலனை ஊகிக்க முடிந்தால் எவ்வளவு நல்லது!

அமெரிக்க வைத்தியர்கள் சிலர் இதற்கு வழி தேடினர். மனச்சோர்வுக்கான ஆரம்பகால மருந்துகளுள் ஒன்றான இமிப்பிரமீன், நரம்புக் கலங்களுக்கிடையே செய்தி கடத்தும் நோர்அட்ரினலின் மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. ஊக்கமருந்தான டெக்ஸ்ட்ரோஅம்பெட்டமைனோ அதே இரசாயனத்தைச் சில மணித்தியாலங்களில் அதிகமாக வெளிவிடச் செய்கிறது. எனவே ஊக்கமருந்தால் மனம் தெளிபவருக்கு இமிப்பிரமீன் போன்ற மருந்தும் பலனளிக்கலாம் என அவர்கள் எண்ணினர். போசெட், சியோமோபூலோஸ் ஆகியோர் 1971இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்துக்கு ஆதரவளித்தது. 1978இல் வான் கம்மன், மேர்பி ஆகியோர் ஒரு நாள் பரிசோதனையிலும் அவ்வாறே கண்டனர்.

ஆயினும் இது வழக்கமான பரிசோதனையாக நிலைக்கவில்லை. ஆய்வுக்குட்பட்ட நோயாளர் தொகை சிறியது. ஊக்கமருந்து இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும், அடிமையாக்கவும் கூடும். பின்னர் வந்த புளுவொக்செட்டின் போன்ற மருந்துகள் பிரதானமாக செரட்டோனின் வழியாகச் செயற்படுபவை. எனவே ஊக்கமருந்து காட்டும் அடையாளம் அவற்றுக்கும் பொருந்தும் என்று கூற முடியாது.

பரீட்சைக் காலத்தில் விழித்திருக்க ஊக்கமருந்தைத் தேடும் மாணவர்களும் இதைச் சிந்திக்க வேண்டும். வைத்தியர்களே அவதானத்துடன் கையாளும் மருந்து அது.

ஆகவே இன்றும் நமக்குள்ள வழி பொறுமைதான். பெற்றோர்களே, வீட்டில் ஒருவர் இம்மருந்தை எடுத்தால், "இன்னும் சுகமில்லையா?" என்று அவசரப்படுத்தாதீர்கள். வைத்தியரைக் கேட்காமல் நிறுத்த விடாதீர்கள். நிலைமை மோசமானால் தாமதிக்காமல் அவரிடம் காட்டுங்கள்.

சாச்சி மீண்டும் வைத்தியரிடம் போனார். அவரது சொற்படி மருந்தைத் தொடர்ந்தார். இரண்டு மாதங்களின் பின் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, உம்மாவோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். அல்ஹம்துலில்லாஹ்.