கறுத்த ராணி ரூபாயைத் தேய்க்கலாமா?

கேள்வி: என் மாமியாரின் டிரங்குப் பெட்டியில் இரண்டு வெள்ளி ரூபாய்கள் கிடைத்தன. ஒன்று விக்டோரியா ராணி தலை போட்ட 1862, கறுத்துக் கிடக்கிறது. இன்னொன்று 1944, ஜார்ஜ் மன்னர் தலை, அவ்வளவாகக் கறுக்கவில்லை. நூற்று அறுபது வருடப் பழைய காசு லட்சத்துக்குப் போகும் என்கிறான் என் மகன். புளி போட்டுத் தேய்த்துப் பூந்தமல்லியில் விலை கேட்கலாமா?
- வாசகி, பாரிவாக்கம்

பதில்: முதலில் அந்தப் புளியைத் திரும்ப அடுக்களையில் வைத்துவிடுங்கள் அம்மா. மகன் சொல்வதைப் பார்த்துவிட்டுத் தேய்ப்பதற்கு வருவோம்.

பழசானால் விலை ஏறும் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படியானால் ராஜராஜ சோழன் பெயர் பொறித்த செப்புக்காசு யார் கைக்கும் எட்டாது. ஆயிரம் வருடம் தாண்டிய அந்தக் காசு, தேய்ந்த நிலையில், இன்றும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எத்தனை காசு மிஞ்சியிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் விலையைச் சொல்லும்.

உங்கள் 1862 இதில் வேடிக்கையான காசு. அக்கசாலையில், அதாவது நாணயம் அடிக்கும் ஆலையில், 1862 என்ற ஆண்டையே 1874 வரை மாற்றாமல் பொறித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே உங்கள் ரூபாய் 1870-இல்கூட அடிக்கப்பட்டிருக்கலாம். ஆண்டுக்குக் கீழே சின்னப் புள்ளிகள் இருக்கின்றனவா, எத்தனை என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். சேகரிப்பவர்கள் வகை பிரிப்பதே அதை வைத்துத்தான். ஏராளமாக அடித்ததால் சாதாரண வகைக்குப் பெரிய விலை கிடையாது. இதைவிட வயது குறைந்த 1939-ஆம் ஆண்டு ரூபாய்தான் அரியது, விலையும் பல மடங்கு. அதனாலேயே அதில் போலிகளும் அதிகம்.

அடுத்து வெள்ளி. 1835 முதல் 1939 வரையிலான ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைப் பங்குக்கு மேல் வெள்ளி. உலகப்போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வரவே, 1940 முதல் எடையை மாற்றாமல் வெள்ளியைப் பாதியாக்கினார்கள். ஆக உங்கள் ராணி காசில் ஏறத்தாழ 10.7 கிராம் வெள்ளி, 1944-இல் 5.8 கிராம். 1944-ஐ பம்பாயிலும் லாகூரிலும் நிறையவே அடித்தார்கள். அதற்குப் பெரும்பாலும் வெள்ளி விலைதான்.

இனி அந்தக் கறுப்பு. அது அழுக்கு அல்ல. காற்றிலுள்ள கந்தக வாயுவோடு வெள்ளி சேர்ந்து உண்டாகும் வெள்ளி சல்ஃபைடு என்ற மெல்லிய படலம். புளியோ பற்பொடியோ போட்டுத் தேய்த்தால் படலத்தோடு கொஞ்சம் வெள்ளியும் போய்விடும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிந்து, கண்ணுக்குத் தெரியாத கோடுகளாகப் படியும். விளக்கடியில் காசைச் சாய்த்துத் திருப்பினால் ஒரு ஒளிக்கீற்று சுழன்று ஓடுவது அவற்றால்தான். இதை அச்சொளி என்று சொல்லலாம். தேய்த்தால் அது மறைந்து, பாத்திரத்தின் பளபளப்பு வந்துவிடும். தேர்ந்த வியாபாரி ஒரு பார்வையில் கண்டுபிடித்து விலையைக் குறைத்துவிடுவார். போன அச்சொளியை எந்த வித்தையாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

நிலையை நீங்களே ஓரளவு கணிக்கலாம். விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ராணியின் கிரீடம், காதை ஒட்டிய முடி, உடையின் பூவேலை மூன்றையும் பாருங்கள். மேடான இடங்கள் என்பதால் அவைதான் முதலில் தேயும். முடியிழைகள் தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல காசு. வழுவழுவென்று ஒன்றாகிப் போயிருந்தால் வெள்ளி விலையைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் கிடைக்கும். விளிம்பின் மேற்புறத்தையும் உருட்டிப் பாருங்கள். அந்தக் காலத்தில் வளையம் பற்றவைத்துக் கழுத்தில் அணிவார்கள். பற்றவைத்த தடம் இருந்தால் சேகரிப்பவர் பெரும்பாலும் வாங்கமாட்டார். விளிம்பில் ஒட்டுக்கோடு தெரிந்தாலும், எடை 11.66-க்கு வெகுவாகக் குறைந்தாலும், காந்தம் இழுத்தாலும் போலி என்று சந்தேகப்படுங்கள்.

நகைக்கடையில் எடைக்குத்தான் விலை சொல்வார்கள். முடியிழை தெளிவாக இருந்தால் அங்கே விற்காமல், நாணய வியாபாரிகள் இரண்டு மூன்று பேரிடம் கறுப்போடேயே காட்டுங்கள்.