விமானப் பயணம்: தூரம், நேரம், சராசரிக் கதி



மட்டக்குளியில் இலண்டனில் உறவினர் இல்லாத வீடுகள் குறைவு. “விமானம் இறங்கியிருக்குமா?” என்று வீட்டிலுள்ளோர் கேட்கும்போது நீங்கள் போடும் மனக்கணக்கே பரீட்சையிலும் வினாவாக வருகின்றது. சமன்பாடு தெரிந்தும் நேரத்தைப் பிழையாகக் கணித்துப் புள்ளிகளை இழப்போர் பலர். எனவே பின்வருவனவற்றைக் கவனமாகப் படியுங்கள்.

நினைவில் கொள்க

1. சராசரிக் கதி = சென்ற தூரம் ÷ எடுத்த நேரம்
2. பூமி 24 மணித்தியாலத்தில் 360° சுழல்கின்றது. எனவே 15° நெடுங்கோட்டு வித்தியாசத்துக்கு 1 மணித்தியாலம்.
3. இலங்கையின் நியம நேரம் கிழக்கு நெடுங்கோடு 82½° இற்குரியது. 82½ ÷ 15 = 5½. ஆகவே அது கிறீன்விச் நேரத்திலும் 5 மணி 30 நிமிடம் முந்தியது.

கவனிக்க: 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கையின் நேரம் வேறாக இருந்தது. அக்காலத்துக் கடந்தகால வினாத்தாள்களைச் செய்யும்போது வினாவில் தரப்பட்ட வித்தியாசத்தையே பயன்படுத்துக. இலண்டனிலும் மார்ச் இறுதி ஞாயிறு முதல் ஒக்டோபர் இறுதி ஞாயிறு வரை கடிகாரம் 1 மணித்தியாலம் முன்தள்ளப்படுவதால், அப்போது வித்தியாசம் 4 மணி 30 நிமிடமே.

உதாரணம் 1

2013 இல் திறக்கப்பட்ட கொழும்பு – கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையின் நீளம் 25.8 கி.மீ. ஒரு வான் இதனை 20 நிமிடத்தில் கடந்தால் சராசரிக் கதி யாது?

20 நிமிடம் = ⅓ மணித்தியாலம்
சராசரிக் கதி = 25.8 ÷ ⅓ = 25.8 × 3 = மணிக்கு 77.4 கி.மீ.

உதாரணம் 2

கட்டுநாயக்கவிலிருந்து இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு மிகக் குறுகிய வான்வழித் தூரம் ஏறத்தாழ 8700 கி.மீ. ஜனவரி மாதத்தில் ஒரு விமானம் இலங்கை நேரம் 13.00 இற்குப் புறப்பட்டு, இலண்டன் நேரம் 19.06 இற்கு இறங்குகின்றது எனக் கொள்க. சராசரிக் கதியைக் காண்க.

படி 1: இரு நேரங்களையும் ஒரே இடத்து நேரமாக்குக.
இறங்கும்போது இலங்கை நேரம் = 19.06 + 5.30 = 24.36 (மறுநாள் 00.36)

படி 2: பயண நேரம் = 24.36 – 13.00 = 11 மணி 36 நிமிடம்

படி 3: 36 ÷ 60 = 0.6. எனவே நேரம் 11.6 மணித்தியாலம். (11.36 என எழுதுவது பிழை.)

படி 4: சராசரிக் கதி = 8700 ÷ 11.6 = மணிக்கு 750 கி.மீ.

விடையைச் சரிபார்த்தல்

நேர வித்தியாசத்தை மறந்தால் பயண நேரம் 6 மணி 6 நிமிடம் என வரும். கதி மணிக்கு 1426 கி.மீ. ஆகும். அது ஒலியின் கதியிலும் அதிகம்! பயணிகள் விமானங்கள் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. கதியிலேயே பறக்கின்றன. ஒலியை முந்திய கொன்கோட் விமானமும் 2003 இல் சேவையிலிருந்து நீங்கிவிட்டது. எனவே இத்தகைய விடை வந்தால் உடனே படி 1 இற்குத் திரும்புக.

பயிற்சி

ஜனவரியில் ஒரு விமானம் இலண்டன் நேரம் 20.30 இற்குப் புறப்பட்டு 10 மணி 30 நிமிடத்தில் கட்டுநாயக்கவை அடைகின்றது எனக் கொள்க. (மேற்கிலிருந்து வீசும் உயர்வானக் காற்று உதவுவதால் திரும்பும் பயணம் பெரும்பாலும் குறுகியது.)

(அ) இறங்கும்போது இலங்கை நேரம் யாது?
(ஆ) தூரம் 8700 கி.மீ. எனின் சராசரிக் கதியைக் கிட்டிய முழுவெண்ணில் தருக.
(இ) இதே பயணம் ஜூலையில் நிகழ்ந்தால் (அ) இன் விடை யாது?

விடைகள்: (அ) மறுநாள் 12.30 (ஆ) மணிக்கு 829 கி.மீ. (இ) மறுநாள் 11.30